ஊடகத்துக்கு இருப்பது சார்பா, கோட்டமா?

'ஊடகச் சார்பு' என்ற தொடரைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்கள் என்னைத் தவிரவும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். 2025 ஜனவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம், செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் வெளி அமைப்புகளோடு அமெரிக்காவில் வைத்திருந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. அந்த அமைப்புகளில் அரசியல் 'பயாஸ்' மிகுந்துவிட்டது என்பது அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க் சொன்ன காரணங்களில் ஒன்று. அதைத் தமிழில் தந்தவர்களில் பெரும்பாலோர் 'சார்பு', 'சார்புநிலை', 'சார்புத்தன்மை' ஆகிய மூன்றுக்குள்ளேயே சுற்றிவந்தார்கள். மூன்றும் ஒரே பிழையின் மூன்று வடிவங்கள் என்பது என் கருத்து.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். சாய்வு, குறுக்குவாட்டு என்ற பொருளில் பிரெஞ்சில் வழங்கிய ஒரு சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து 'பயாஸ்' ஆயிற்று. நம் தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் மூலைவாட்டு வெட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். புல்தரையில் பந்துருட்டும் ஆட்டமொன்றில், ஒருபுறம் எடை மிகுந்த பந்தை எவ்வளவு நேராக உருட்டினாலும் அது வளைந்தே ஓடும். அந்த வளைவையும் அப்படித்தான் அழைத்தார்கள். மனத்தின் சாய்வைக் குறிக்கும் பொருள் அந்த ஆட்டக்களத்தின் வழியாகத்தான் பரவியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வளைவு, உருட்டுகிறவனின் விருப்பத்தில் இல்லை, பந்தின் அமைப்பில் இருக்கிறது.

இனி 'சார்பு' என்ற சொல்லுக்கு வருவோம். சார் என்ற வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு ஒன்றைப் பற்றி நிற்றல், அடுத்திருத்தல், ஒன்றன் துணையால் இயங்குதல் என்பவையே அடிப்படைப் பொருள்கள். தனித்து இயங்காமல் முதலெழுத்துகளைப் பற்றி வருவதால்தான் குற்றியலுகரம் முதலானவற்றைச் சார்பெழுத்து என்கிறோம். 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்' என்ற குறளில் ஒரு சார்பு பற்றுக்கோடு, மற்றொன்று பற்று. இரண்டிலும் வளைவு இல்லை, குற்றமும் சொல்லிலேயே இல்லை. இன்றைய வழக்குகளும் அப்படித்தான். மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இருப்பது சார்பு நீதிமன்றம். காவல் நிலையத்தில் இருப்பவர் சார்பு ஆய்வாளர். சங்கத்தின் சார்பில் மாலை அணிவிக்கிறார்கள். ஐன்ஸ்டைனின் கொள்கை சார்பியல். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. இவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கும் சொல்லின் தலையில் இன்னொரு பொருளைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? 'அந்த நிறுவனத்தின் சார்பு குறித்துக் கேள்வி எழுந்தது' என்பதையும் 'அந்த நிறுவனத்தின் சார்பில் கேள்வி எழுந்தது' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வேற்றுமை உருபு மாறினால் குற்றம்சாட்டப்பட்டவர் குற்றம்சாட்டுபவராகிவிடுகிறார். இயந்திரக் கற்றல் பற்றி எழுதுகிறவர்களின் நிலை இதைவிட இரங்கத்தக்கது. கணிதச் சார்பு ஒன்றில் உள்ள பிறழ்ச்சியைச் சொல்ல அவர்கள் 'சார்பின் சார்பு' என்று எழுதியாக வேண்டும்.

இச்சொல் இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. 'மதச்சார்பின்மை' நல்ல ஆக்கம். அரசு எந்த மதத்தையும் பற்றி நிற்காது என்பதை அது சரியாகவே சொல்கிறது. அதைப் பார்த்து 'சார்பற்ற ஊடகம்' என்றார்கள். பிறகு அதிலிருந்து 'அற்ற' என்பதைக் கழித்துவிட்டு, மிஞ்சிய 'சார்பு' ஒரு குற்றத்தின் பெயராக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

சொல்லில் தெளிவில்லை என்பதோடு குறை முடிந்திருந்தால் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியதில்லை. ஊடகத்தைப் பற்றிய நம் தீர்ப்பையே இச்சொல் கெடுக்கிறது என்பதுதான் என் முதன்மையான குறை. தமிழ் இதழியலின் வரலாற்றில் சார்பு ஒளித்து வைக்கப்பட்ட பொருளாக இருந்ததில்லை. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் முதல், 1925இல் பெரியார் தொடங்கிய குடிஅரசு, 1937இல் வெளிவந்த ஜனசக்தி, 1942இல் மு. கருணாநிதி தொடங்கிய முரசொலி, பின்னர் வந்த தீக்கதிர் வரை, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத் தாமே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வந்த ஏடுகள் ஒரு நீண்ட வரிசையாக நிற்கின்றன. முரசொலியைக் கையில் எடுத்த வாசகர் எவரும் அது யாருடைய ஏடு என்று தெரியாமல் ஏமாந்ததில்லை. சார்பே குற்றமென்றால் இந்த வரிசை முழுவதும் கூண்டில் ஏற வேண்டும்; எந்தக் கட்சியோடும் தன்னைப் பிணைத்துக்கொள்ளாமல் 'நடுநிலை நாளேடு' என்று முகப்பில் போட்டுக்கொள்ளும் ஏடு, உள்ளே என்ன வளைத்தாலும், கேள்வியின்றித் தப்பிவிடும். சார்புள்ள ஏடு ஒரு புள்ளிவிவரத்தை நேர்மையாகத் தர முடியும். சார்பே இல்லாத ஏடு, விளம்பரம் தருபவரின் ஆலைக் கழிவைப் பற்றிய செய்தியை எட்டாம் பக்கத்தின் மூலையில் நான்கு வரியில் முடித்துவிடவும் முடியும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட இரண்டு சொற்கள் வேண்டும், ஒன்று போதாது.

அந்த இரண்டாவது சொல் நம்மிடம் இல்லாமலா போயிற்று? நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் கையாளும் வினை 'கோடு'. வளைதல், நேர்மையிலிருந்து பிறழ்தல் என்பது அதன் பொருள்; அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'கோட்டம்'. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்பது 118ஆம் குறள். அதற்கடுத்த குறள் ஊடகக் கல்வித் துறையின் வாசலிலேயே எழுதி வைக்கத் தக்கது: 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்.' சொல்லில் வளைவு இல்லாமையே நடுவுநிலைமை, ஆனால் உள்ளத்தில் வளைவு இல்லாமை உறுதியாக வாய்த்திருந்தால்தான். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விவாதிக்கப்படும் இரு வகைகளுக்கும் இங்கே ஒரே குறளில் பெயர் இருக்கிறது.

சொற்கோட்டம் என்னவென்று அறிய எந்த நாளேட்டையும் புரட்டலாம். ஒருவர் 'தெரிவித்தார்', அதையே இன்னொருவர் 'ஒப்புக்கொண்டார்', மூன்றாமவர் 'மழுப்பினார்'. மூவரும் பேசியது ஒன்றாகவே இருக்கும். 'துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலி' என்ற தலைப்பில் சுட்டவர் காணாமற்போவதும் சொற்கோட்டமே. உட்கோட்டம் இன்னும் நுட்பமானது. எந்தச் செய்தியை எடுப்பது, எதை விடுவது, யாரிடம் கருத்துக் கேட்பது, எந்தப் படத்தைப் போடுவது என்று அச்சுக்குப் போகும் முன்பே நடந்து முடிந்துவிடும் தெரிவுகளில் அது உறைகிறது. அந்தத் தெரிவுகளைச் செய்பவர் தம்மிடம் வளைவு இருப்பதை அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சமூக ஊடகத்துக்கு வரும்போது 'சார்பு' அறவே உதவாமல் போகிறது. 2016இல் ஃபேஸ்புக்கில் 'டிரெண்டிங்' என்றொரு பட்டியல் இருந்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் சிலர் அதற்கான செய்திகளைத் தெரிந்தெடுத்து வந்தார்கள். பழமைவாதத் தரப்புச் செய்திகளை அவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று அவ்வாண்டு மே மாதம் கிஸ்மோடோ என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் எழுத, நிறுவனம் மறுத்தது. ஆகஸ்டு இறுதியில் அந்தப் பணியாளர்களை அனுப்பிவிட்டு வேலையைக் கணினி நிரலிடம் ஒப்படைத்தது. சில நாள்களுக்குள், தொலைக்காட்சித் தொகுப்பாளர் மெகின் கெல்லியை ஃபாக்ஸ் நியூஸ் நீக்கிவிட்டது என்ற பொய்ச்செய்தி அதே பட்டியலில் ஏறி நின்றது. மனிதரின் கோட்டத்துக்கு அஞ்சிச் சரிபார்ப்பையே தூக்கி எறிந்ததன் பலன் அது. ட்விட்டர் 2021இல் வெளியிட்ட தன் சொந்த ஆய்வு இன்னும் சுவையானது. ஏழு நாடுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியலாளர்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், ஜெர்மனி தவிர்த்த ஆறிலும் வலதுசாரிகளின் பதிவுகளுக்கே நிரல் கூடுதல் வீச்சைக் கொடுத்திருந்தது. காரணம் இனிமேல்தான் ஆராயப்பட வேண்டும் என்று நிறுவனமே சொன்னது. அந்த நிரல் எந்தக் கட்சியைச் 'சார்ந்தது'? எதையும் சார்ந்திருக்கவில்லை. ஆனால் அது கோடியிருந்தது. எடை ஒருபுறம் மிகுந்த அந்தப் பந்தின் கதைதான் இது.

அச்சு ஏட்டில் கோட்டத்துக்கு ஒரு முகவரி உண்டு. 1867ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் முதற்கொண்டு, இதழின் ஒவ்வொரு படியிலும் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களைப் போட்டாக வேண்டும் என்பது இந்திய நடைமுறை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்றாலும் வழக்கு வரும்போது அதுதான் பேசும். 1966இல் அமைந்த பத்திரிகை மன்றத்துக்கு எச்சரிக்கவும் கண்டிக்கவும் தவிர வேறு அதிகாரம் இல்லையென்பது உண்மையே. ஆனாலும் முறையிட ஒரு கதவு இருக்கிறது. சமூக ஊடக நிறுவனங்களோ தம்மை ஆசிரியர் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்வதில்லை. பிறர் எழுதியதைக் கடத்தும் இடைநிலையர் என்று சொல்லித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் காப்புக்குள் நிற்கின்றன. எது மேலே வரும், எது புதைந்துபோகும் என்று முடிவு செய்வது ஆசிரியர் வேலையாகாமல் வேறு என்ன வேலையோ!

'கோட்டம்' என்பதோடு போட்டியிடும் மற்றச் சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 'பாரபட்சம்' ஆள்களை நடத்துவதில் காட்டும் வேறுபாட்டுக்குப் பொருந்தும், செய்திக்குப் பொருந்தாது. 'ஓரவஞ்சனை' குடும்பத்துக்குள் பங்கு பிரிக்கும்போது வருவது. ஆயினும் அதன் உறுப்பான 'ஓரம்' பழைய நல்ல சொல். 'ஓரம் சொல்லேல்' என்று ஆத்திசூடியும், வழக்காடு மன்றத்தில் ஒருபக்கமாகப் பேசுகிறவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும் என்று நல்வழியும் ஔவையின் பெயரால் சொல்லி வைத்திருக்கின்றன. 'ஒருதலைப்பட்சம்' பரவலானது, விளங்குவது. ஆனால் மேலே காட்டிய குறளில் 'ஒருதலையா' என்றால் 'உறுதியாக' என்று பொருள். பாதி தமிழும் பாதி வடமொழியுமாக அமைந்த அத்தொடர் தொழிற்பெயராகவோ வினையாகவோ வளைந்துகொடுப்பதும் இல்லை. ஈழத்து ஏடுகள் எழுதும் 'பக்கச்சார்பு' இவை எல்லாவற்றிலும் மேலானது. வெறும் சார்பு போதாது என்று அங்குள்ளவர்கள் உணர்ந்து ஓர் அடையைச் சேர்த்திருக்கிறார்கள். ஆளையோ விசாரணைக் குழுவையோ குறிக்கும்போது அதை நானும் தயங்காமல் ஏற்பேன். நிரலுக்கும் மாதிரிக் கணக்கெடுப்புக்கும் அது ஒத்துவராது. அங்கே பக்கம் என்று ஒன்று இருப்பதில்லை, வளைவு மட்டுமே உண்டு.

கோட்டத்துக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைப்பதே ஒரு கோட்டமாகிவிடும். சென்னையில் வள்ளுவர் கோட்டம் இருக்கிறது. 'ஊடகக் கோட்டம்' என்றால் அதைப் போன்ற இன்னொரு கட்டடம் என்று நினைப்பவர் இருக்கலாம். காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளரின் ஆட்சி எல்லைக்கு 'உட்கோட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வள்ளுவர் உள்ளத்துக்குள் வைத்த வளைவு நெடுஞ்சாலைத் துறையிலும் ஓர் அலுவலகப் பலகையாகத் தொங்குகிறது. இதற்கு என் விடை எளியது. பெயராக வரும்போது 'செய்திக்கோட்டம்', 'சொற்கோட்டம்', 'நிரற்கோட்டம்' என்று கூட்டுச்சொல்லாக எழுதுங்கள். மற்ற இடங்களில் 'கோடிய செய்தி', 'கோடாத ஏடு' என்று வினையாக்குங்கள். செங்கோல், கொடுங்கோல் என்ற இணையை அறிந்த எவருக்கும் இது புரியாமல் போகாது. எதிர்ச்சொல்லாகக் 'கோடாமை' ஆயத்தமாகவே இருக்கிறது. 'நடுநிலை' என்று எழுதி, இரண்டு பக்கத்துக்கும் சரிபாதி இடம் கொடுத்தால் போதும் என்ற மயக்கத்தை வளர்ப்பதைவிட அது நல்லது. பிபிசி தன் நெறியை 'உரிய நடுநிலை' என்று அடைமொழியிட்டே சொல்வது இந்த மயக்கத்தைத் தவிர்க்கத்தான்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு முறையீடும் இருக்கிறது, அது 'ஊடகச் சார்பு' வரும் வாக்கியங்களில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது: 'தலையங்கத் தரநிலைகள்'. ஆங்கிலத்தில் தலையங்கத்தையும் ஆசிரியர் குழுவின் பணியையும் 'எடிட்டோரியல்' என்ற ஒரே சொல் குறிப்பதால் நேர்ந்த விபத்து இது. இயந்திரம் தவறினால் மன்னிக்கலாம். அதை மெய்ப்புப் பார்த்தவர் எப்படி விட்டுவிட்டார்? தரநிலை தலைக்கவசத்துக்கும் குக்கருக்கும் உரியது, நடத்தைக்குரியது நெறி. ஆகவே 'ஆசிரியர் குழு நெறிகள்' என்று எழுதினால் எவருக்கும் விளங்கும். இதில் பொருட்கேடும் பெரிது. கருத்து சுதந்திரமானது, ஆனால் உண்மைத் தகவல் புனிதமானது என்று மான்செஸ்டர் கார்டியனின் ஆசிரியர் சி. பி. ஸ்காட் 1921இல் எழுதினாரே, அவர் வகுத்த அந்த எல்லையின் கருத்துப் பக்கத்தில் இருப்பது தலையங்கம். ஓர் ஏடு தன் சார்பைத் தாராளமாகக் காட்டிக்கொள்ள உரிமையுள்ள இடம் அது. செய்தியைக் காக்கும் நெறிகளுக்கு அதன் பெயரை வைப்பவர்கள் பிபிசியின் நெறிமுறை ஆவணத்தையும் 'தலையங்க வழிகாட்டுதல்கள்' என்கிறார்கள். பொது விவகாரங்களில் தன் கருத்தைச் சொல்லத் தடையுள்ள அந்த நிறுவனத்துக்குத் தலையங்கமே கிடையாது.