டன்னல் – சுருங்கை

தொலைவில் இருக்கும் சர்வரிலிருந்து ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) எழுதி மின்னஞ்சல் எடுப்பவர்களிடம் புழங்கும் சொல், டன்னல். அஞ்சலை இறக்கித் தரும் பாப்3 நெறிமுறை 110ஆம் போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட இணைப்பு வாயில்) கடவுச்சொல்லை வெறும் எழுத்தாகவே அனுப்பும்; நடுவழியில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே படித்துக்கொள்ளலாம். அந்தப் போக்குவரத்தை எஸ்எஸ்எச் (தொலைக் கணினியோடு பாதுகாப்பாகப் பேசும் முறை) இணைப்புக்குள் விட்டு, மறையாக்கி அனுப்புவதே டன்னல். எஸ்எஸ்எச்-ஐ தாத்து யுலோனென் 1995இல் எழுதியதும் அவர் இருந்த ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் கடவுச்சொற்கள் திருடு போனதால்தான்.

எஸ்எஸ்எச் கட்டளையில் ‘-எல்’ போட்டு 1110:லோக்கல்ஹோஸ்ட்:110 என்று கொடுத்தால், நம் கணினியின் 1110ஆம் போர்ட்டுக்குப் போவதெல்லாம் சர்வரின் 110க்குப் போய்ச் சேரும். (லோக்கல்ஹோஸ்ட் என்றால் வழக்கமாக நம் கணினிதான்; இங்கே அது சர்வரையே குறிக்கும், புதியவர்கள் தடுமாறும் இடம்.) கட்டளையின் கடைசியில் ‘ஸ்லீப் 20’ (20 நொடி சும்மா இரு) என்று சேர்ப்பார்கள். அஞ்சலை எடுத்துவரும் ஃபெட்ச்மெயில் நிரல் அந்த 20 நொடிக்குள் உள்ளே நுழைந்துவிட்டால் போதும். அஞ்சல் முழுதும் இறங்கும்வரை எஸ்எஸ்எச் காத்திருந்து, பிறகு தானே மூடிக்கொள்ளும். யாரும் அதைக் கட்டளையிட்டு நிறுத்த வேண்டியதில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் பீப்பாயைக் குறித்த சொல். அதிலிருந்து பறவை பிடிக்கும் நீள்குழல் வலைக்குப் பெயராகி, பின்னரே நிலத்தடி வழிக்கு வந்தது.

தமிழில் பலரும் ‘சுரங்கம்’ என்றே எழுதுகிறார்கள். நிலக்கரி எடுப்பதும் அதுதான், ‘தரவுச் சுரங்கம்’ என்பதும் அதுதான். ‘சுரங்கத்தில் அஞ்சல் எடுத்தேன்’ என்றால் எதையோ தோண்டியதுபோல் இருக்கிறது. சிலப்பதிகாரம் இதைவிடப் பொருத்தமான சொல்லை வைத்திருக்கிறது. கோவலன் மதுரைக்குள் நுழையும்போது, ‘பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி’ ஓரமாகப் போகிறான். அகழியைக் கடக்க அமைத்த மறைவழி அது. வடமொழியின் ‘சுருங்கா’வோடும், அதற்கும் முன்னே கிரேக்கத்தின் ‘சிரிங்ஸ்’ஸோடும் அறிஞர்கள் இதை இணைக்கிறார்கள். கடன் சொல்லாகவே இருக்கட்டும், இவ்வளவு காலம் இங்கே வாழ்ந்த சொல். என் வாக்கு சுருங்கைக்கே: எஸ்எஸ்எச் சுருங்கை, சுருங்கையிடல்.

இன்று 995ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் (பாப்3 இணைப்பையே மறையாக்கும் முறை) இருந்தால் சுருங்கை தேவைப்படாது. சுருங்கையே போட்டாலும் அதன் காவல் எஸ்எஸ்எச் சர்வர்வரைதான். அஞ்சல் சர்வர் அதற்கு அப்பால் வேறு கணினியில் இருந்தால், அந்த மிச்ச தூரத்தில் கடவுச்சொல் பழையபடி வெறும் எழுத்தாகவே போகும்.