மைனஸ் 15 டிகிரியிலிருந்து வெப்பம் இறைப்பது எப்படி?

நார்வேயில் ஒரு ஜனவரி விடியற்காலை. வீட்டுச் சுவரோரம், பனி மூடாத உயரத்தில் பொருத்திய இரும்புத் தாங்கியின் மேல், ஏசியின் வெளிப்பெட்டி போன்ற ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் விசிறிக்கு முன் கையை நீட்டினால் விரல்கள் மரத்துப்போகும். சுற்றிலும் காற்று மைனஸ் 15 டிகிரி. பெட்டியிலிருந்து வரும் காற்று அதைவிடவும் குளிர்ச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டினர் மெல்லிய சட்டையோடு காப்பி குடிக்கிறார்கள். வெளிக்காற்று இழந்த வெப்பம்தான் அவர்கள் அறைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

இதுதான் ஹீட் பம்ப். உறைகுளிரில் வெப்பம் ஏது என்று கேட்கத் தோன்றும். மைனஸ் 273.15 டிகிரிதான் குளிரின் அடிமட்டம். அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் மைனஸ் 15 என்பது 258 கெல்வின். அறைக்குள் இதமாகத் தோன்றும் 20 டிகிரி 293 கெல்வின். வெளியே அலையும் காற்று மூலக்கூறுகளிடம், உள்ளே இருப்பவற்றின் ஆற்றலில் சுமார் 88 சதவீதம் இருக்கிறது. வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. அது பள்ளத்தில் கிடக்கிறது. கிணற்று நீரைப் போல மேலே இறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இறைக்கும் வாளி எது? புதிய கருவிகள் பலவற்றில் புரோப்பேன். சமையல் எரிவாயு சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருகிறதே, அதேதான். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலேயே அது கொதித்துவிடும். வெளிப்பெட்டியின் குழாய்களில் சுமார் மைனஸ் 25 டிகிரியில் ஓடும் திரவத்துக்கு, மைனஸ் 15 டிகிரிக் காற்று அடுப்புத் தணல் மாதிரி. அந்தச் சூட்டை உறிஞ்சி ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை ஏறத்தாழ 2 பார் அழுத்தத்திலிருந்து 15 பாருக்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நெருக்கினால் பம்பின் அடி சுடும். சூடேறிய ஆவி வீட்டுக்குள் 45 டிகிரி அளவில் மீண்டும் திரவமாகி, சுமந்து வந்த வெப்பத்தை இறக்கிவைக்கிறது. பிறகு ஒரு குறுகிய வால்வைத் தாண்டும்போது அழுத்தம் தளர்ந்து, குளிர்ந்து, அடுத்த சுற்றுக்குப் போகிறது.

மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப், வெளியே 7 டிகிரி இருக்கும்போது 3 அல்லது 4 யூனிட் தரும். மைனஸ் 15இல் அது 2 அளவுக்கு இறங்கும். கிணறு ஆழமானால் கயிற்றை இழுக்கும் பாடும் கூடத்தானே செய்யும். அதோடு, வீட்டுக்கு அதிக வெப்பம் தேவைப்படும் நாளில்தான் கருவியின் திறன் குறைகிறது. "குளிருக்கு இது தாங்காது" என்ற பழைய பேச்சு சும்மா பிறந்ததல்ல. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர்கள் வந்தபிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது.

கிணற்றின் ஆழத்தை மட்டுமே பார்க்கிறோம், எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், பாதிக் குறைகளுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மைனஸ் 15இலிருந்து 35 டிகிரிக்கு ஏற்றினால், இயற்பியல் அனுமதிக்கும் உச்சம் 1 யூனிட்டுக்கு 6.2 யூனிட். சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டருக்காக 65 டிகிரிக்கு ஏற்றினால் உச்சமே 4.2தான். நடைமுறையில் இவற்றில் பாதியளவு கிடைத்தால் நல்லது. தரைக்கு அடியில் பதித்த குழாய்களில் வெதுவெதுப்பான நீர் ஓடும் வீட்டில் இதே கருவி வேறொரு கருவி போலவே நடந்துகொள்ளும். கருவி வாங்கும் முன் சுவரிலும் ஜன்னலிலும் வெப்பம் கசியும் இடங்களை அடைப்பது அதைவிட முக்கியம்.

இனி உறைபனி. கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய ஈரக்குளிர்தான் கருவிக்குப் பெரிய தொல்லை. மைனஸ் 20இல் காற்றில் ஈரம் மிகக் குறைவு. 1 டிகிரியில் மழையும் தூறினால், குழாய்களைச் சுற்றிய அலுமினியத் தகடுகளில் பனி வெள்ளைப் பஞ்சாக அப்பிக்கொள்ளும். காற்று நுழைய வழியிருக்காது. அப்போது விசிறி நின்றுவிடும். உள்ளே ஒரு வால்வு 'புஸ்' என்ற ஓசையோடு திசை மாறும். வீட்டுக்குப் போக வேண்டிய சூடான ஆவி வெளிப்பெட்டிக்குத் திரும்பும். பனி உருகிச் சொட்ட, பெட்டியிலிருந்து வெண்ணிற நீராவி எழும். முதன்முதலில் பார்ப்பவர் தீப்பற்றிவிட்டதென்று பதறுவது நியாயமே. சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி ஓடும். சொட்டிய நீர் அடித்தட்டில் உறைந்து மேடாகி விசிறி இறக்கையில் இடிக்காமல் இருக்க, தட்டின் அடியில் சூடேற்றும் கம்பி வைப்பார்கள்.

கருத்து புதிதல்ல. இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1852லேயே இதை முன்மொழிந்தார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938 முதல் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் இறைத்தது. நார்வே 2020 முதல் கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதைத் தடைசெய்தது. இன்று வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஹீட் பம்ப் மிகுந்த நாடுகளில் நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றும் முன்வரிசையில் இருக்கின்றன. மிதமான குளிர் உள்ள நாடுகள் தயங்கி நிற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எல்லை உண்டு. 1886 ஜனவரியில் மைனஸ் 51.4 டிகிரி பதிவான வட நார்வேயின் காராஷோக் போன்ற, கடலை விட்டு விலகிய ஊர்களில், காற்றிலிருந்து இறைக்கும் கருவியை மட்டும் நம்பி யாரும் குளிர்காலத்தை எதிர்கொள்வதில்லை. சிலர் 100 மீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டு, ஆண்டு முழுவதும் உறையாத பாறையிலிருந்து வெப்பம் எடுக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டின் பின்புறம் பிர்ச் மர விறகைப் பிளந்து, அடுக்கி, கோடையிலேயே காயவைத்துவிடுகிறார்கள்.