கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் அவகாசம் கேளுங்கள்

செமஸ்டர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பி.ஏ. மாணவர் தன் அப்பாவோடு என் வக்கீல் சேம்பருக்கு வந்தார். கையில் ஒரே ஒரு தாள். கல்லூரி லெட்டர்ஹெட்டில் நாலு வரி: ‘கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததால் மறு உத்தரவு வரும்வரை தற்காலிகமாக நீக்கப்படுகிறார்.’ என்ன செய்தார், எந்தத் தேதியில் செய்தார், எந்த விதியை மீறினார், ஒன்றும் இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிற பையன். கல்வி உதவித்தொகை மாதக்கணக்கில் வராததைப் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை அடித்து, கேன்டீன் வாசலில் நின்று கொடுத்திருக்கிறார்கள்.

“வேற ஏதாவது எழுதிக் கொடுத்தியாப்பா?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். முதல்வர் அறையில் ஒருவர் சொல்லச் சொல்ல இவர் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம். ‘வெளியாட்களின் தூண்டுதலால் கல்லூரிக்கு எதிராகச் செயல்பட்டேன்’ என்று இருந்தது. “இதை எழுதிக் கொடுத்தா விட்டுடுறோம்னு சொன்னாங்க சார்.” எழுதி வாங்கிக்கொண்ட மறுநாள்தான் நீக்க உத்தரவு வந்திருக்கிறது.

இப்படி வருகிற மாணவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது பேச்சுரிமை, அரசமைப்பின் 19(1)(அ). சொல்வது சரிதான். ஆனால் கோர்ட்டில் இந்த வழக்குகள் பெரும்பாலும் நிற்பதும் விழுவதும் விசாரணை நடந்த விதத்தில்தான். என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் சொன்னார்களா, பதில் சொல்ல நேரம் கொடுத்தார்களா, நேரில் கேட்டார்களா, சொன்ன பதிலைப் படித்துப் பார்த்துவிட்டு உத்தரவு போட்டார்களா? இந்தக் கேள்விகளில்தான் நிர்வாகம் தடுமாறும். குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதம் கோப்பில் இருந்துவிட்டால் அந்தத் தடுமாற்றமும் அவர்களுக்கு இல்லை. ‘அவரே ஒத்துக்கொண்டார், அப்புறம் எதற்கு விசாரணை?’ என்று கேட்பார்கள்.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில், அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அதன் துண்டறிக்கைகளைப் பற்றிப் பெயரில்லாத புகார் ஒன்று மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம் அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. 2015 மே மாதம், கொடுத்த சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி, ஒரு மின்னஞ்சலில் வட்டத்தின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேட்கவில்லையே என்பதுதான் மாணவர்களின் முதல் குறை. நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. ஜூன் 7-ஆம் தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அத்தனை பேர் தெருவுக்கு வந்ததால் அங்கே இரண்டு மூன்று வாரத்தில் முடிந்தது. பெயர் வெளியே தெரியாத கல்லூரியில் தனியாக மாட்டிக்கொள்ளும் மாணவருக்கு அந்தக் கூட்டம் வராது. அவருக்கு இருப்பது காகிதம் மட்டும்தான்.

அந்தக் காகிதத்தின் பலத்துக்கு டெல்லிப் பல்கலைக்கழக வழக்கு நல்ல உதாரணம். 2023 ஜனவரியில் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றை வளாகத்தில் திரையிட்டதாகச் சொல்லி, காங்கிரஸின் மாணவர் அமைப்பைச் சேர்ந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வாளரை ஒரு வருடம் தேர்வெழுதத் தடைசெய்தார்கள். திரையிடலில் நான் கலந்துகொள்ளவே இல்லை என்பது அவருடைய வாதம். அவர் சொன்னதைப் பரிசீலித்ததற்கான அடையாளமே உத்தரவில் இல்லை, இயற்கை நீதி, அதாவது தண்டிக்கும் முன் ஒருவரின் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்ற நெறி, பின்பற்றப்படவில்லை என்று சொல்லி, ஏப்ரல் மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. படம் காட்டலாமா கூடாதா என்ற பெரிய கேள்விக்குள் போகவேண்டிய தேவையே வரவில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) 2016 பிப்ரவரியில் வளாகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்ட 15 மாணவர்கள் விஷயத்திலும் 2017-ல் இதே உயர் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு உத்தரவுகளை ரத்து செய்து, மாணவர்களின் பக்கத்தை மறுபடி கேட்டு முடிவெடுக்கச் சொன்னது. இது புதிய சட்டமும் இல்லை. மாணவரைக் கேட்காமல் தேர்வு முடிவை ரத்து செய்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது.

அதனால் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினால் பயப்படாமல் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள். “குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள் சார், நாளைக்குப் பதில் எழுதித் தருகிறேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு நாள் மிகப் பெரிய விஷயம். அங்கேயே எழுது என்று வற்புறுத்தினால், வெளியே வந்ததும் நடந்ததை அப்படியே, நேரத்தோடு, அதே கல்லூரி முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். துண்டறிக்கையின் ஒரு பிரதியைப் பத்திரமாக வையுங்கள். என்னிடம் வருபவர்களில் பலரிடம் தாங்கள் எழுதியதே இருப்பதில்லை. நிர்வாகம் ‘ஆட்சேபகரமான’ என்று எழுதியிருக்கும். அது என்ன வரி என்று நீதிபதி கேட்டால் காட்ட நம் கையில் தாள் வேண்டும்.

இன்னொரு இடத்தில் மாணவர்களே வழுக்கி விழுகிறார்கள்: கல்லூரியின் பெயர். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஓர் ஆய்வு மாணவரை 2024-ல் இரண்டு ஆண்டுகள் நீக்கினார்கள். டெல்லியில் நடந்த அரசியல் பேரணியில் நிறுவனத்தின் பெயரோடு கூடிய பதாகையின் கீழ் கலந்துகொண்டார் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. மும்பை உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை அதுவரை அனுபவித்த காலத்தோடு முடித்துவைத்தது. ஒரு பதாகைக்கு அது மிகக் கடுமையான தண்டனை என்பது என் கருத்து. ஆனாலும் எங்களிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் அமைப்பின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். கல்லூரியின் பெயரையும் சின்னத்தையும் விட்டுவிடுங்கள்.

‘கூட்டம் நடந்தால் எதிர்த்தரப்பு தகராறு செய்யும், சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று சொல்லி அனுமதி மறுப்பதும் உண்டு. இதற்கான பதில் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில் இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 1989-ல் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல, ஆபத்துக்கும் பேச்சுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. அந்தப் படம் இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். எனக்கு அதன் கருத்தில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் இன்று இட ஒதுக்கீட்டுக்காகத் துண்டறிக்கை கொடுக்கும் பிள்ளைகளுக்காக நான் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். பிடிக்காத பேச்சுக்குக் கிடைத்த பாதுகாப்புதான் இவர்களையும் காக்கிறது.

எல்லாமே பேச்சுரிமையில் அடங்காது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வு அறையை மறித்தால், விடுதிக் கதவை உடைத்தால், ஒருவரைச் சாதி சொல்லித் திட்டினால், மிரட்டினால் நான் மட்டுமில்லை, யாருமே 19(1)(அ)-வைக் காட்டிக் காப்பாற்ற முடியாது. தனியார் கல்லூரி என்றால் பாதை இன்னும் கரடுமுரடு. அடிப்படை உரிமை பொதுவாக அரசுக்கு எதிராகக் கேட்பது. தனியார் நிறுவனத்தின் மீது ரிட் மனு (உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட முடியுமா என்பதே முதல் சண்டையாகிவிடும். அங்கே அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் விதிகளைத் தேடிப் பிடித்து, அவற்றை மீறியதாகக் காட்ட வேண்டும். சேரும்போது கையெழுத்துப் போட்ட விதிமுறைப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. ஒருதடவை படியுங்கள்.

அந்தப் பையனின் விஷயத்துக்கு வருகிறேன். மன்னிப்புக் கடிதம் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது என்று அன்று மாலையே கல்லூரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு மறுப்பு அனுப்பினோம். அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால் ரிட் மனுவை எண்ணிட்டு எடுத்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. தேர்வெழுத இடைக்கால அனுமதி கிடைத்தது. ஹால் டிக்கெட் முதல் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கைக்கு வந்தது. அப்பா அதை வாங்கி, மடிக்காமல், பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார். மூல வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கல்லூரி தாக்கல் செய்திருக்கும் பதில் மனுவில் முதல் இணைப்பு அந்த மன்னிப்புக் கடிதம்தான்.