மெனுவில் இருந்த அந்த ஒரு வரி

பெங்களூரு அல்சூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று தமிழிலும் கன்னடத்திலும் அச்சு வேலை. வருகிறவர்கள் போட்டோவைத் தனியாகத் தரமாட்டார்கள், வேர்ட் ஃபைலுக்குள் ஒட்டித்தான் அனுப்புவார்கள். அண்ணன் அதை ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட்’, அதாவது பிரித்தெடு என்று கொடுப்பார். ‘வேர்ட்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’, அங்கே படங்கள் எல்லாம் தனித்தனி ஃபைலாக இருக்கும். போன மாதம் ஒரு அப்டேட் போட்டார். மெனுவில் அந்த வரியைக் காணோம்.

“தம்பி, நான்தான் எதையாவது அழிச்சிட்டேனா?” என்று பதறிப்போய்க் கேட்டார். அவர் எதையும் அழிக்கவில்லை.

வேர்ட் ஃபைலுக்குள் ஃபோல்டர் எப்படி வந்தது? ஆபீஸ் 2007இலிருந்து வரும் வேர்ட் ஃபைலான டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொட்டலம். அதன் முதல் இரண்டு பைட்டுகளைப் பார்த்தால் ‘பி’, ‘கே’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1989இல் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை.

ரைட் கிளிக் மெனு எழுதி மாட்டிய பலகை இல்லை. ஒவ்வொரு முறையும் அப்போதைக்கு அப்போது தயாராகிறது. ‘இது என்ன வகை ஃபைல்?’ என்று கேட்டு, அதற்குப் பொருந்தும் வரிகளை மட்டும் ஃபைல் மேனேஜர் அடுக்குகிறது. அண்ணன் கணினியை இயக்கும் லினக்ஸில் இந்த வகைப் பட்டியலுக்குள் ஒரு வம்சாவளியே உண்டு: டாக்எக்ஸ், ஜிப்பின் பிள்ளை. அந்த உறவு இருக்கும்வரை எக்ஸ்ட்ராக்ட் வரியும் வரும்.

அண்ணன் வைத்திருந்த மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. வேர்ட் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் சில கணினிகளில் எழுதும் செயலிக்குப் பதிலாக ஜிப் கருவி திறந்துகொண்டது. சரி செய்தவர் அந்த உறவையே வெட்டிவிட்டார். டபுள் கிளிக் ஒழுங்கானது. ஆனால் மெனுவும் அதே பட்டியலைத்தானே கேட்கிறது!

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். இந்த மாதிரிப் பின்னடைவை ‘ரிக்ரஷன்’ என்போம். தப்பாக ஒன்று வந்தால் கண்ணில் படும். வரவேண்டியது வராமல் போனால் எந்த எச்சரிக்கையும் வராது. ‘இந்த வரி இருக்கிறதா?’ என்று யாராவது முன்பே சோதனை எழுதி வைத்திருக்க வேண்டும். அல்சூரில் ஒருவர் அதை வைத்துத்தான் கல்யாணப் போட்டோ எடுக்கிறார் என்று தெரிந்தால்தானே எழுதுவார்கள்! அதனால்தான் பயன்படுத்துகிறவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்கிறேன்.

சொல்லிவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நடுவே 1000 மாற்றங்கள் இருந்தாலும், பாதியில் நிறுத்திப் பார்த்து, அப்புறம் அதில் பாதி என்று போனால் சுமார் 10 சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும். மென்பொருளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ என்ற கருவியில் இதற்கென்றே ‘பைசெக்ட்’ என்ற கட்டளை இருக்கிறது.

பழைய மெனு, புதிய மெனு இரண்டையும் படமெடுத்துப் புகார் எழுதி அனுப்பியிருக்கிறேன். அது சரியாகும்வரை அண்ணன் ஃபைலை நகலெடுத்து, பெயரின் கடைசியில் டாக்எக்ஸை அழித்து ஜிப் என்று மாற்றுகிறார். எக்ஸ்ட்ராக்ட் வரி உடனே வந்துவிடுகிறது.