காம்பவுண்டிங் எடைக்குறைப்பு ஊசி: அமெரிக்கச் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை

அமெரிக்காவில் டெலிஹெல்த் தளங்கள் (ஆன்லைனிலேயே மருத்துவரைப் பார்க்கும் தளங்கள்) வழியாக எடைக்குறைப்பு ஊசி வாங்குகிறவர்கள் பலருக்குப் பேனா வடிவ ஊசி வருவதில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் சில இன்சுலின் சிரிஞ்சுகளும் வருகின்றன. லேபிளில் செமாக்ளூடைட் என்றோ டிர்செபடைட் என்றோ இருக்கும். கம்பெனிகள் செமாக்ளூடைட்டுக்கு வைத்த ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களையோ, டிர்செபடைட்டுக்கு வைத்த மவுன்ஜாரோ, செப்பவுண்ட் என்ற பெயர்களையோ காணோம். இவை காம்பவுண்டிங் மருந்துகள், அதாவது மூலப்பொருளை வாங்கி ஒரு பார்மசியே கலந்து தயாரித்தவை. இது சட்டப்படி சரியா என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. யார் தயாரித்தார்கள், யாருக்காக, என்ன காரணத்துக்காக என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பமே வேண்டாம். காம்பவுண்டிங் மருந்து எதற்கும் எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) ஒப்புதல் கிடையாது. அது பாதுகாப்பானதா, வேலை செய்யுமா, தரம் சரியா என்று விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ. பார்ப்பதே இல்லை. "எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்த இடத்தில் தயாரானது" என்று விளம்பரம் சொன்னால் அது பதிவைப் பற்றிய பேச்சு, ஒப்புதலைப் பற்றியது அல்ல. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சட்டம் இதை ஏன் அனுமதிக்கிறது? ஒருவருக்கு மாத்திரையில் உள்ள சாயம் ஒத்துக்கொள்ளாது. ஒரு குழந்தையால் மாத்திரையை விழுங்க முடியாது, திரவமாகத்தான் கொடுக்க வேண்டும். கம்பெனிகள் தயாரிக்கும் மருந்து பொருந்தாத இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகத்தான் இந்த வழி திறந்திருக்கிறது. மத்திய உணவு, மருந்துச் சட்டத்தில் 1997ல் வந்த 503ஏ பிரிவு, மருத்துவரின் சீட்டைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக மருந்து கலக்கும் பார்மசிகளுக்குப் புதுமருந்து ஒப்புதலிலிருந்து விலக்கு தருகிறது. பெரிய மருந்துத் தொழிற்சாலைகள் பின்பற்ற வேண்டிய உற்பத்தித் தர விதிகளிலிருந்தும் அவற்றுக்கு விலக்கு உண்டு. இவற்றை அன்றாடம் மேற்பார்வை செய்வது பெரும்பாலும் மாநில பார்மசி வாரியங்கள்தான்.

அதே சட்டத்தின் 503பி பிரிவு ஒரு பெரும் துயரத்துக்குப் பின் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஃப்ரேமிங்ஹாமில் இருந்த ஒரு காம்பவுண்டிங் நிறுவனம் அனுப்பிய ஸ்டீராய்டு ஊசிகளில் பூஞ்சை கலந்திருந்தது. 2012ல் 20 மாநிலங்களில் 750க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. தனித்தனி நோயாளியின் சீட்டு இல்லாமல் மொத்தமாகத் தயாரிக்க விரும்பும் நிறுவனங்கள் இப்போது 503பியின் கீழ் எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் உற்பத்தித் தர விதிகள் அவற்றுக்குப் பொருந்தும், எஃப்.டி.ஏ. ஆய்வுக்கும் வரும், பக்கவிளைவுகளையும் அவை தெரிவித்தாக வேண்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவாக ஒரு கட்டுப்பாடு உண்டு. சந்தையில் கிடைக்கும் மருந்தின் நகலைத் தயாரித்து விற்கக் கூடாது. 503ஏ பார்மசி என்றால் நகலை வழக்கமாகவோ அளவுக்கு மீறியோ தயாரிக்கக் கூடாது. எஃப்.டி.ஏ.வின் மருந்துப் பற்றாக்குறைப் பட்டியலில் ஒரு மருந்து ஏறும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டுமே 2022ல் அந்தப் பட்டியலில் ஏறின. குப்பி வியாபாரம் இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் அதுதான். வெகோவியின் பட்டியல் விலை மாதம் 1,349 டாலராக இருந்தபோது குப்பி அதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. கூட்டம் கூடியதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு அந்தப் பற்றாக்குறை தீர்ந்தது. டிர்செபடைட் பற்றாக்குறை தீர்ந்ததாக எஃப்.டி.ஏ. 2024 டிசம்பர் 19 அன்று உறுதிசெய்தது; நகல் தயாரிப்பதை நிறுத்தத் தந்த அவகாசம் 2025 மார்ச்சோடு முடிந்தது. செமாக்ளூடைட் பற்றாக்குறை தீர்ந்ததாக 2025 பிப்ரவரி 21 அன்று அறிவித்தது. 503ஏ பார்மசிகளுக்கு ஏப்ரல் 22 வரையும், 503பி நிறுவனங்களுக்கு மே 22 வரையும் அவகாசம் தந்தது. காம்பவுண்டிங் நிறுவனங்களின் சங்கம் டெக்சாஸ் நீதிமன்றத்துக்குப் போயும் இந்த முடிவை நிறுத்தி வைக்க முடியவில்லை.

அப்படியும் குப்பிகள் ஏன் இன்னும் வருகின்றன? சட்டத்தில் ஒரு சின்னக் கதவு எப்போதும் இருந்தது. இந்த நோயாளிக்குச் சந்தையில் கிடைக்கும் மருந்து பொருந்தவில்லை, இந்த மாற்றம் அவருக்குக் குறிப்பிடத்தக்க வித்தியாசத்தைத் தரும் என்று மருத்துவர் தீர்மானித்து எழுதினால், அது நகலாகக் கருதப்படாது. வைட்டமின் பி12 சேர்த்த செமாக்ளூடைட், கிளைசின் என்ற அமினோ அமிலம் சேர்த்த டிர்செபடைட், வழக்கத்தில் இல்லாத அளவுகள் எல்லாம் இந்தக் கதவு வழியாகத்தான் வருகின்றன. உண்மையிலேயே ஒருவருக்கு அது தேவை என்றால் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவைத்தாற்போல அதே பி12 தேவைப்படுகிறது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. எஃப்.டி.ஏ. வழிகாட்டுதல் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: விலை குறைவு என்பது ஒரு காரணமாகாது. பெரும்பாலானோர் குப்பியைத் தேடுவது அந்த ஒரே காரணத்துக்காகத்தான் என்பதுதான் இதில் உள்ள முரண்.

செமாக்ளூடைட் சோடியம், செமாக்ளூடைட் அசிடேட் என்று லேபிளில் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். இவை உப்பு வடிவங்கள். ஒப்புதல் பெற்ற மருந்தில் இருக்கும் பொருள் இதுவல்ல என்று எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. ரெட்டாட்ரூடைட் (இன்னொரு எடைக்குறைப்பு மருந்து) என்ற பெயரில் விற்பதைக் காம்பவுண்டிங் செய்யவே அனுமதி இல்லை. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒட்டி விற்கும் பொடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சட்டத்தைவிட அவசரமான ஆபத்து சிரிஞ்சில் இருக்கிறது. பேனாவில் அளவு முன்பே அமைந்திருக்கும். குப்பியில் நாமே அளந்து எடுக்க வேண்டும். செமாக்ளூடைட் ஊசியின் தொடக்க அளவு வாரம் 0.25 மில்லிகிராம். குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எடுக்க வேண்டியது 0.05 மில்லி லிட்டர். 100 யூனிட் ஒரு மில்லி லிட்டராக இருக்கும் இன்சுலின் சிரிஞ்சில் அது வெறும் 5 யூனிட். ஐந்தை ஐம்பது என்று படித்தால் பத்து மடங்கு. சிரிஞ்சு நிறைய இழுத்தால் இருபது மடங்கு. இது கற்பனைக் கணக்கல்ல. 5 முதல் 20 மடங்கு வரை தவறாகப் போட்டுக்கொண்டவர்களைப் பற்றி எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் எச்சரிக்கை விட்டது. வாந்தி, நீரிழப்பு, மயக்கம் என்று சிலர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. செமாக்ளூடைட்டின் பாதி உடலை விட்டுப் போகவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் தப்பாகப் போட்ட ஊசி ஒரே நாளில் தெளிந்துவிடாது.

இன்னொரு பொறியும் உண்டு. போன மாதக் குப்பியில் மில்லி லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருந்தது, 10 யூனிட் எடுத்துப் பழகிவிட்டீர்கள். இந்த மாதம் வந்த குப்பியில் 5 மில்லிகிராம். அதே 10 யூனிட் இப்போது இரட்டை டோஸ். ஆகவே ஒவ்வொரு குப்பி வரும்போதும் மில்லிகிராம் எவ்வளவு, யூனிட் எவ்வளவு என்று இரண்டையும் பார்மசிஸ்டிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். யூனிட்டை மட்டும் சொல்லி முடித்துக்கொண்டால் விடாதீர்கள்.

லேபிளில் உள்ள பார்மசியின் பெயரை அந்த மாநில பார்மசி வாரியத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். இல்லாத பார்மசியின் பெயரிலும், இருக்கிற பார்மசிக்கே தெரியாமல் அதன் பெயரிலும் போலி லேபிள்கள் வந்திருக்கின்றன. 503பி நிறுவனம் தயாரித்தது என்றால் "இது காம்பவுண்டிங் மருந்து" என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். குளிரில் இருக்க வேண்டிய மருந்து சூடாக வந்து சேர்ந்தால் பயன்படுத்தக் கூடாது. குப்பியில் வருவதெல்லாம் காம்பவுண்டிங் என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம்: லில்லி நிறுவனம் 2024 ஆகஸ்டிலிருந்து ஒப்புதல் பெற்ற செப்பவுண்டையே குப்பியில் நேரடியாக விற்கிறது. வெகோவியைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க்கும் 2025 மார்ச்சில் காப்பீடு இல்லாதவர்களுக்கு அதை மாதம் 499 டாலருக்குத் தரத் தொடங்கியது. குப்பி மலிவு என்ற கணக்கை இந்த நிறுவனங்களின் இப்போதைய நேரடி விலைகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் தனியாக யோசிக்க வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு ஓசெம்பிக், மவுன்ஜாரோ இரண்டுக்குமே ஒப்புதல் உண்டு. பல காப்பீடுகள் பணம் தருகின்றன. காம்பவுண்டிங் மருந்துக்குக் காப்பீடு கிடைப்பது அரிது. காப்பீட்டில் கிடைக்கும் மருந்தை விட்டுவிட்டு, அளவு உறுதியில்லாத குப்பியை நம்பி ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ ஏற்கெனவே எடுப்பவருக்கு சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

ஏதாவது கோளாறு என்றால் மருத்துவரிடம் சொல்வதோடு பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் எஃப்.டி.ஏ.வின் மெட்வாட்ச் திட்டத்துக்கும் நீங்களே தெரிவிக்கலாம். ஆன்லைனில் படிவம் இருக்கிறது, மருத்துவர் கையெழுத்து தேவையில்லை. குப்பியின் லாட் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) பார்மசி பெயரையும் எழுதிக்கொடுங்கள். அதனால் காலிக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். 503ஏ பார்மசிகள் பக்கவிளைவுகளை எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. நீங்கள் எழுதாவிட்டால் அது யார் காதுக்கும் போகாமலே இருந்துவிடலாம்.