வக்பு: ‘நன்கொடை’ என்று எழுதாதீர்கள்

‘மதரசாவுக்கு 40 சென்ட் வக்பு நன்கொடை’ என்று மறுபடியும் ஒரு செய்தி. இன்னொரு இடத்தில் அதே ‘வக்பு அறக்கட்டளை’ ஆகிறது. இரண்டும் தப்பு. இஸ்லாமிய முறையில் தர்மத்துக்கென்று நிலையாக விடும் சொத்துதான் வக்பு.

அரபியில் ‘வகஃப’ என்றால் நின்றான், நிறுத்தினான். ஹஜ்ஜில் அரஃபாவில் தங்கும் ‘உகூஃப்’ இதே வேர். வேர்க்கதை இவ்வளவுதான்.

வக்பு நிறுத்துவது சொத்து கைமாறுவதை. அரேபியாவின் கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று நபித்தோழர் உமர் கேட்டபோது, மூலச் சொத்தை நிறுத்தி விளைச்சலைத் தர்மம் செய்யச் சொன்னார்கள் நபிகள். விற்க முடியாது, வாரிசுக்குப் போகாது. இன்றைய சட்டத்திலும் விற்பனை, தானம், அடமானம் செல்லாது. குத்தகை 30 ஆண்டைத் தாண்டக் கூடாது, விவசாய நிலமானால் 3 ஆண்டு.

நன்கொடையோ செலவழிந்து தீர்வது. ரமலானில் வசூலித்தது நாலு மாதத்தில் உஸ்தாத் (மதரசா ஆசிரியர்) சம்பளத்தில் கரையும். பிறகு சந்தா நோட்டோடு வீடு வீடாக அலைய வேண்டும். குமரி மாவட்டத்தில் ஒரு ரப்பர் விளை வக்பாக இருந்தால் சம்பளம் அதிலிருந்தே வரும். ஆனால் நட்டு ஏழாம் ஆண்டுதான் பால்வெட்டு. இருபத்தைந்து, முப்பது ஆண்டில் மரம் ஓயும். மறுநடவுக்குப் பின் மறுபடி ஆறேழு ஆண்டு வருமானமில்லை. அந்தக் காலத்துக்கென்று ஆண்டுதோறும் ஒரு பங்கை ஒதுக்காத முத்தவல்லி (வக்பு நிர்வாகி) மதரசாவை மூடத்தான் வழி செய்கிறார். இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் வெட்டில்லை, அடைமழையிலும் இல்லை. அதனால் கூடவே இரண்டு கடை வாடகையோ பத்து மூடு தென்னையோ வேண்டும்.

‘அறக்கட்டளை’க்காரர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. கோயில் வழக்கில் ‘கட்டளை’ என்பதே இன்ன பூசைக்கு இன்ன வருமானம் என்று எழுதிவைப்பதுதான். ஆனால் அந்தப் பொருள் இன்று தேய்ந்து, பதிவுசெய்த டிரஸ்ட் எல்லாம் அறக்கட்டளை. டிரஸ்டில் பத்திரம் இடம் கொடுத்தால் நிர்வாகிகள் சொத்தை விற்கலாம். வக்பில் உடைமை அல்லாஹ்வுக்கு, முத்தவல்லி வெறும் பராமரிப்பாளர். சொல் குழம்பினால் பத்திரமும் குழம்பும்: பத்திர எழுத்தர் டிரஸ்ட் மாதிரியை எடுத்து, ‘விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் உண்டு’ என்ற வரியையும் சேர்த்தே எழுதிவிடுவார். 2025 திருத்தத்துக்குப் பின் பத்திரமில்லாமல் புதிய வக்பே கிடையாது. மொழிபெயர்ப்பாளர்கள் இதையாவது யோசிக்கலாம்.

தமிழில் சொல் இல்லாமலா? சோழர் கல்வெட்டில் ஒரு நந்தா விளக்குக்கு (அணையா விளக்கு) ‘சாவா மூவாப் பேராடு’ 96 விடுவார்கள். ஆட்டு மந்தை குறையக் கூடாது, நெய் மட்டும் நாள்தோறும் வர வேண்டும். வக்பின் கணக்கு அப்படியே இதுதான். இப்படி விடுவதற்கு அன்றைய சொல்லான ‘நிவந்தம்’ இன்று யாருக்கும் புரியாது. ‘நிலைக்கொடை’ என்றால் புரியும். வேரில் உள்ள நிற்றலும் அதில் இருக்கிறது. சட்டப் பெயராக வக்பு இருக்கட்டும், விளக்கத்துக்கு நிலைக்கொடை.

பத்திரத்தில் சர்வே எண், சென்ட், நான்கெல்லை போதாது. ‘பள்ளிக்கு’ என்று மட்டும் எழுதினால் இங்கே தொழுகைப் பள்ளி என்றுதான் பொருள்; விளையின் வருமானம் மினாராவுக்குப் பெயின்டாகப் போகும். ‘மதரசா உஸ்தாத் சம்பளத்துக்கு’ என்றே எழுதச் சொல்லுங்கள்.