அட்டையில் ஒட்டிய பொங்கல் பானை ஏன் விரிசல் விடுகிறது?

பொங்கல் வாழ்த்து அட்டையைக் கையால் செய்பவர்கள் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து ஆகியவற்றைக் காற்றில் காயும் களிமண்ணில் செய்து ஒட்டுவதுண்டு. சூளை வேண்டாம், தானாகவே கெட்டியாகிவிடும். ஆனால் மறுநாள் பானையில் விரிசல் ஓடியிருக்கும், கரும்பின் நுனிகள் மேலே எழும்பியிருக்கும், அட்டை அப்பளம் போல வளைந்திருக்கும். மூன்றுமே தண்ணீர் செய்யும் வேலை.

வீட்டில் செய்யும் இந்தக் களிமண்ணில் மண்ணே கிடையாது. அரை கப் கார்ன்ஃப்ளார், அரை கப் ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை, ஒரு மேசைக்கரண்டி பேபி ஆயில், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். கடையில் ‘சோள மாவு’ என்று மட்டும் கேட்டால் வேறு மாவு வந்துவிடும். சூப்பில் கரைத்து ஊற்றும் வெண்ணிற மாவுதான் வேண்டும். எண்ணெய் களிமண்ணுக்கு நெகிழ்வு தரும், கையில் ஒட்டாமலும் காக்கும். எலுமிச்சையின் புளிப்பு பூஞ்சையைத் தள்ளிப்போடும்.

கட்டியில்லாமல் கரைத்து, சமையலுக்கு இனி எடுக்காத நான்-ஸ்டிக் கடாயில் சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். சுமார் 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் மாவுத் துகள்கள் பசையிலுள்ள தண்ணீரை உறிஞ்சி உப்பும். கலவை சட்டென்று இறுகி, கொழுக்கட்டை மாவு போலத் திரண்டு வரும். அப்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால், உருட்டும்போதே ஓரம் பிளக்கும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, பாலிதீன் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஓர் இரவு வையுங்கள்.

வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் பாலிவினைல் அசிட்டேட் நுண்துகள்கள். தண்ணீர் ஆவியாக ஆக அவை நெருங்கி, ஒன்றோடொன்று உருகியதுபோல் இணைந்துவிடும். போன தண்ணீரின் இடம் காலியாவதால் பொம்மை சுருங்கும். முதலில் காய்வது மேல்தோல். அது சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஈர மாவு இடம் கொடுக்காது, தோல் கிழியும். அதுதான் விரிசல். ஆகவே கனம் 2 அல்லது 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பானைக்கு வயிறு வேண்டுமென்றால், எண்ணெய் தடவிய கரண்டியின் குழிக்குள் தட்டையான களிமண்ணை அழுத்துங்கள். சுருங்கும்போது அது குழியை விட்டுத் தானே விலகிக்கொள்ளும். கரண்டியின் முதுகில் போர்த்தினாலோ, சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளக்கும்.

தட்டில் காயவைத்தால் அடிப்பக்கம் காற்று படாமல் ஈரமாகவே இருக்கும். மேல்பக்கம் மட்டும் சுருங்கி நுனிகளைத் தூக்கும். சல்லடையில் பரப்பி, மூன்று நான்கு மணிக்கொரு முறை திருப்பிவிடுங்கள். வெயிலும் மின்விசிறியும் வேண்டாம். சாதாரணமாக ஒரு நாளில் காய்வது மார்கழிப் பனியில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளிருந்து இன்னும் தண்ணீர் ஆவியாகிறது.

நிறமும் மாறும். ஈரப் பசை பால்போல் ஒளியைச் சிதறடிக்கிறது. காய்ந்தபின் கண்ணாடி மாதிரி தெளிவாகிவிடுகிறது. அதனால் நிறம் அடர்ந்து தெரியும். பிசையும்போதே கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் சேர்த்து, வேண்டியதைவிட ஒரு படி வெளிறிய நிறமாகக் கலப்பது நல்லது.

முழுதும் காயாத களிமண்ணை அட்டையில் ஒட்டவே கூடாது. காகித நார் ஈரம்பட்டால் நீளத்தில் அதிகம் மாறாது, அகலத்தில் உப்பும். அட்டை வளைவது அதனால்தான். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அட்டை எடுத்து, எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வாட்டத்தில் மடியுங்கள். பானையின் பின்புறத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டி, மேலே ஸ்பாஞ்சும் அதன்மேல் ஒரு புத்தகமும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள்.

தபாலில் அனுப்புவதானால், பானை மேலெழும்பி நிற்கும் அளவுக்குத் தடிமனான அட்டைத் துண்டில் நடுவே ஓட்டை வெட்டி, பானையைச் சுற்றிச் சட்டம்போல் வைத்து உறையில் போடுங்கள். அழுத்தம் சட்டத்தில் விழும், பானை தப்பிக்கும்.